புரட்டாசி வெயிலும் ஐப்பசி மழையும்: விதையை இப்போது போடலாமா?

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் பக்கம் கரிசலில் மானாவாரி செய்யும் ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். புரட்டாசி பாதி ஆகிவிட்டது, 3 வாரமாகத் துளி மழை இல்லை, வெயில் சித்திரை மாதிரி அடிக்கிறது. செல்போன் செயலியோ இன்னும் 14 நாளைக்கு வெறும் சூரியன் படமாகக் காட்டுகிறது. இந்த வருடம் ஐப்பசி மழை பொய்த்துவிடுமா? வெயில் எத்தனை நாள் நீடிக்கும் என்று கேட்பது போலத் தெரிந்தாலும், அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது விதை மூட்டையைப் பிரிக்கலாமா வேண்டாமா என்பதைத்தான். உளுந்தையும் மக்காச்சோளத்தையும் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் போட்டுவிடலாமா, இல்லை மழை விழுந்த பிறகு பார்க்கலாமா? நான் வேளாண் வானிலை படித்தவன், தென் மாவட்ட மானாவாரி விவசாயிகளுக்கு வானிலை ஆலோசனை எழுதும் வேலையில் பல வருடம் இருந்தவன். அந்த அனுபவத்தில் எது நிச்சயம், எது ஊகம் என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் வெயில். சித்திரை மாதிரி இருக்கிறது என்பது வெறும் பேச்சில்லை, கணக்குப்படியும் கிட்டத்தட்ட அப்படித்தான். விளாத்திகுளம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 டிகிரியில் இருக்கிறது. அங்கே சூரியன் வருடத்துக்கு இரண்டு தடவை நேர் உச்சிக்கு வரும். ஒன்று ஏப்ரல் நடுவில், மற்றொன்று ஆகஸ்ட் கடைசியில். செப்டம்பர் கடைசி வாரத்துச் சூரியன் மார்ச் நடுவில் இருக்கும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. வழக்கமாக நாம் இதை உணராமல் போவதற்குக் காரணம், அந்தச் சமயத்தில் மேகம் மறைத்திருக்கும், சாயங்காலம் இடி மழை பெய்து மண் ஈரமாக இருக்கும். மேகமும் ஈரமும் இல்லாத வருடத்தில் விழும் வெப்பம் முழுக்க மண்ணையும் காற்றையும் சூடாக்குவதற்கே போகிறது. புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று பெரியவர்கள் சொன்னதன் முதல் பாதியைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து கொண்டுவரும் ஈரத்தைக் கேரளத்துப் பக்கமும் மலையிலும் கொட்டிவிட்டுத்தான் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுகிறது. இந்தப் பக்கம் சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 10 டிகிரி சூடேறும். அதனால் உங்கள் ஊருக்கு வந்து சேரும்போது அது வறண்ட சூட்டுக் காற்று. ஆனி ஆடியில் காற்றின் வேகமாவது கொஞ்சம் ஆறுதல் தரும். புரட்டாசியில் வேகம் குறைந்துவிடும், சூடு மட்டும் மிஞ்சும். கடற்காற்றும் மேற்கே இருந்து வரும் இந்த மேல்காற்றோடு முட்டிக்கொண்டு தாமதமாகத்தான் உள்ளே வரும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. செப்டம்பரில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று செய்தியில் கேட்டதும் நமக்கு மழை என்று நம்பிக்கை வருகிறது. அது எங்கே உருவாகியிருக்கிறது என்பதைப் பாருங்கள். வடக்கு வங்கக்கடலில், ஒடிசாவை ஒட்டி உருவானால், அது மேல்காற்றைத் தன் பக்கம் இழுத்து இன்னும் வலுவாக்கும். மத்திய இந்தியாவில் மழை கொட்டும், தமிழ்நாட்டில் வெயில் கொளுத்தும். மாறாக, வடஇந்தியாவில் பருவமழை ஓய்ந்து, அங்கே குறுக்காக நீளும் குறைந்த காற்றழுத்தப் பட்டையான பருவமழைத் தாழ்வுப் பகுதி இமயமலை அடிவாரத்துக்கு ஒதுங்கும்போதுதான் தமிழ்நாட்டில் வெப்பச்சலன மழை, அதாவது பகல் சூட்டில் மேகம் எழும்பிப் பெய்யும் இடிமழை, கூடும். ஆக, புரட்டாசியின் வறட்சி பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை இன்னும் முழுதாக விலகவில்லை என்பதன் அடையாளம். பின்னால் வரும் பருவத்தைப் பற்றி அது எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இதுவரை சொன்னது எல்லாம் உறுதியானது. இதில் வானிலையாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

சரி, ஐப்பசி மழை பொய்க்குமா? வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கான இயல்பான தேதி அக்டோபர் 20. அதற்கு ஒரு வாரம் முன்னே பின்னே ஆனாலும் சாதாரணம்தான். அக்டோபர் 10க்கு முன்னால் எவ்வளவு மழை பெய்தாலும் வானிலை ஆய்வுத் துறை பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவிக்காது. அதனால் புரட்டாசி பாதியில் நின்றுகொண்டு இன்னும் வரவில்லையே என்று கவலைப்படுவது, காலமே ஆகாத ஒன்றுக்காகக் கவலைப்படுவது. தாமதமாகத் தொடங்கினாலே மழை குறைவு என்ற நினைப்பும் கிராமத்தில் பலமாக இருக்கிறது. 2015ல் பருவமழை அக்டோபர் 28ல் தொடங்கியது. அந்த வருடம்தான் சென்னையும் கடலூரும் மூழ்கின. தமிழ்நாட்டின் பருவ மழை இயல்பைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாக இருந்தது. அடுத்த வருடம், 2016ல், தொடங்கியது அக்டோபர் 30. இரண்டே நாள் வித்தியாசம். ஆனால் அந்தப் பருவத்தில் இயல்பில் 60 சதவீதத்துக்கும் மேல் மழை குறைந்தது. 2017 கோடையில் தமிழ்நாடு பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். தொடங்கும் தேதியை வைத்து மொத்த மழையைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஜோடி எனக்குத் தெரியவில்லை. தேதிக்கே இந்தக் கதி என்றால், அதற்கும் முன்னால் அடிக்கும் வெயிலை வைத்து எதைச் சொல்வது?

உங்கள் மாவட்டத்துக்கு 2023 இன்னும் நெருக்கமான பாடம். அந்த அக்டோபரில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்ந்தது. மழை பொய்த்தது என்று எத்தனையோ பேர் முடிவே கட்டிவிட்டார்கள். டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். விளைந்து நின்ற பயிரெல்லாம் தண்ணீருக்குள் போனது. மாநிலத்தின் வடகிழக்குப் பருவ மழை சராசரி சுமார் 44 செ.மீ. அதை மூன்று மாதத்துக்கும் சமமாகப் பரப்பிப் பெய்வதுபோல நாம் மனதில் கணக்குப் போடுகிறோம். அது அப்படிப் பெய்வதே இல்லை. மூன்று நான்கு தாழ்வுகளோ ஒரு புயலோ சேர்ந்துதான் அந்தக் கணக்கை நிரப்பும். அவை எந்தப் பக்கம் போகின்றன என்பதைப் பொறுத்து ஒரு மாவட்டத்துக்கு வெள்ளமும் பக்கத்து மாவட்டத்துக்கு வறட்சியும் வரும். மாநில அளவில் இயல்பு என்று கணக்கு முடிந்த வருடங்களிலும் கரிசலில் கருகிய பயிரைப் பார்த்திருக்கிறேன்.

இனி வருவது உறுதி குறைந்த பகுதி. பருவம் முழுவதற்குமான முன்னறிவிப்பில் முதலில் பார்க்கப்படுவது பசிபிக் பெருங்கடல். அங்கே கடல் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருடங்களில் தென்மேற்குப் பருவமழை குறையவும், நம் வடகிழக்குப் பருவமழை கூடவும் வாய்ப்பு அதிகம். குளிரும் லா நினா வருடங்களில் நமக்குக் குறையும் சாய்வு உண்டு. சாய்வு என்றுதான் சொல்கிறேன், விதி என்று சொல்லவில்லை. 2015 எல் நினோ, மழை கொட்டியது. ஆனால் 2021 லா நினா வருடம், அப்போதும் கொட்டித் தீர்த்தது. இரண்டாவது இந்தியப் பெருங்கடல் இருமுனை. மேற்குப் பக்கம், அதாவது ஆப்பிரிக்கக் கரை ஓரம், சூடாகி இந்தோனேசியப் பக்கம் குளிர்ந்தால் நமக்கு நல்லது. நேர்மாறாக இருந்தால் கெடுதல். 2016ல் இந்த இருமுனை பலமாக எதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தது, அந்த வருட வறட்சியில் அதற்கும் பங்கு உண்டு. வானிலை ஆய்வுத் துறை அக்டோபர் பிறக்கும் சமயத்தில் தென்னிந்தியாவுக்கு ஒரு பருவ முன்னறிவிப்பு வெளியிடும். அதைப் படியுங்கள், ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்கட்டும். அது தமிழ்நாடு, கேரளம், ஆந்திரக் கடலோரம், ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லும் ஒரே நிகழ்தகவு. இயல்பைவிட அதிக மழைக்கு வாய்ப்பு என்று அதில் இருந்தால், உங்கள் வயலில் அதிக மழை என்று பொருள் இல்லை. கடன் வாங்கி எத்தனை ஏக்கர் விதைப்பது என்று யோசிக்கும்போது அதை ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். எந்த வாரம் விதைப்பது என்பதற்கு அது உதவாது.

எந்த வாரம் என்பதற்கு ஓரளவு உதவுவது மேடன் ஜூலியன் அலைவு. நிலநடுக்கோட்டை ஒட்டி மேகக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கிழக்கு நோக்கிப் போகும் ஒரு பெரிய அலை அது. 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றி வரும். அது இந்தியப் பெருங்கடலுக்குள் இருக்கும்போது நம் பக்கம் தாழ்வுகள் உருவாக இடம் இருக்கும். பசிபிக்கைக் கடந்து அப்பால் போயிருந்தால் பருவம் தொடங்கியும் மழை படுத்துக்கொள்ளும். இதை வைத்து இரண்டு மூன்று வாரம் முன்கூட்டியே, ஈரமான காலம் வருகிறதா காய்ந்த காலம் வருகிறதா என்று சுமாராகச் சொல்லலாம். வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வியாழனும் வெளியிடும் நான்கு வார முன்னோக்கில் இதெல்லாம் கணக்கில் வரும். முதல் இரண்டு வாரத்தை மதித்துப் படியுங்கள். மூன்றும் நான்கும் வெறும் சாடை மாதிரி.

உங்கள் செயலி காட்டும் 14 நாள் சூரியனைப் பற்றி. அந்தப் படங்களைப் பெரும்பாலும் எந்த மனிதரும் பார்த்து அனுப்புவதில்லை. உலகளாவிய கணினி மாதிரி ஒன்றின் விடையை அப்படியே படமாக மாற்றிக் காட்டுகிறார்கள். அந்தக் கணினி மாதிரி உலகத்தைச் சுமார் 10 கிலோமீட்டர், சிலவற்றில் அதற்கும் பெரிய, கட்டங்களாகப் பிரித்துத்தான் பார்க்கும். புரட்டாசி இடிமழையோ ஒரு ஊரில் பெய்து அடுத்த ஊரின் எல்லையில் நின்றுவிடும். அது அந்தக் கட்டத்துக்குள் சிக்காது. 3 முதல் 5 நாள் வரை, அதுவும் பெரிய தாழ்வு ஒன்று வருகிறதா என்பதற்கு, மாதிரிகள் இப்போது நன்றாகவே சொல்கின்றன. 7 நாளைத் தாண்டினால் போக்கை மட்டும் பார்க்கலாம். 10 நாளுக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட நாளைக் காட்டி மழை என்றோ வெயில் என்றோ சொல்வதை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். நாளைய நிலவரத்திலேயே தடம் மாறுவது உண்டு. 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்து, மக்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தி வைத்தார்கள். தாழ்வு மண்டலம் சென்னைக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தது, எதிர்பார்த்த கனமழை 16ம் தேதி நகரத்துக்குக் கிடைக்கவில்லை. எச்சரிக்கை கொடுத்தது சரிதான். சற்று விலகினாலே நிலைமை தலைகீழாகும் கடற்கரை நம்முடையது.

செயலியை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? காற்றைப் பாருங்கள். இப்போது காலையில் எழுந்ததும் மேற்கே இருந்து வீசும் காற்று முதலில் தளரும். சில நாள் திசை தெரியாமல் புழுங்கும். இந்தப் புழுக்கம்தான் நல்ல செய்தி, அந்த நாட்களில் மாலை இடிமழைக்கு வாய்ப்பு கூடும். அப்புறம் தாழ்வான மேகங்கள் கிழக்கே இருந்து மேற்கே நகர ஆரம்பிக்கும். வானிலை ஆய்வுத் துறையும் ஏறக்குறைய இதையேதான் அளவுகோலாக வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை 15 டிகிரி அட்சரேகை வரை விலகியிருக்க வேண்டும், தமிழகக் கரையில் கீழைக்காற்று, அதாவது கிழக்கே இருந்து வரும் காற்று, நிலைத்து வீச வேண்டும், அது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை இருக்க வேண்டும், கடலோரத்தில் பரவலாக மழை பெய்ய வேண்டும். செய்தியில் இந்தச் சொற்கள் வரும்போது இனி உங்களுக்கு அர்த்தம் புரியும். கூடவே ஒன்று. கீழைக்காற்று வரும் நேரத்தில் வங்கக்கடலில் உருவாகும் ஒரு புயல் வடக்கே போய்விட்டால் எல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போகும். 2022 அக்டோபரில் சித்ராங் புயல் வங்கதேசம் போய்க் கரை ஏறியது, நமக்குப் பருவமழை 29ம் தேதிதான் தொடங்கியது. அப்படி ஒரு செய்தி வந்தால் பதறாதீர்கள், விதைப்பை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

இப்போது விதை. இங்கே நான் சொல்வது வானிலையும் மண்ணும் சேர்ந்த கணக்கு. உங்கள் நிலத்தை நான் பார்த்ததில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கரிசலில் புழுதி விதைப்பு பழைய, நல்ல முறை. பலமாக மழை விழுந்தால் பல நாள் கரிசலுக்குள் கால் வைக்க முடியாது, ஏர் இறங்காது, டிராக்டர் இறங்காது, அதற்குள் விதைக்கும் பட்டம் போய்விடும். அதனால் போடவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புழுதி விதைப்பில் பயப்பட வேண்டியது மழை வராமல் போவதற்கு அல்ல. அரைகுறையாக வந்து நிற்கும் மழைக்குத்தான். காய்ந்த மண்ணில் கிடக்கும் நல்ல விதை இரண்டு மூன்று வாரம் பெரும்பாலும் தாங்கும், எறும்பும் பறவையும் எலியும் எடுத்தது போக. ஒரு சாயங்காலம் ஒன்றரை இரண்டு செ.மீ. பெய்து, விதை முளைத்து, அதன் பிறகு 12, 15 நாள் இதே வெயில் அடித்தால் மொத்தமும் போச்சு. புரட்டாசிக் கடைசியில் வரும் இடிமழை பெரும்பாலும் இந்த வகைதான். இதனால்தான் 5 செ.மீ. ஆழத்தில் விதை விழும்படி போடச் சொல்கிறார்கள். சின்ன மழை மேல்மண்ணோடு நின்றுவிடும், விதையை எழுப்பாது. கை விதைப்பாகத் தூவி மேலாக உழுதால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. விதைப்புக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் அதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. விதைக் கடினப்படுத்தலும் (வறட்சியைத் தாங்க விதையை ஊறவைத்து மீண்டும் உலர்த்துவது) செய்யலாம், அளவை உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடம் பயிருக்குப் பயிர் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், எல்லா நிலத்தையும் ஒரே வாரத்தில் போட மாட்டேன். மேல்காற்று இன்னும் ஓயாமல் வீசும் இந்த வாரத்தில் எதையும் போட மாட்டேன். இயல்பான தேதிப்படி பருவமழை தொடங்க இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கிறது, அதுவரை விதையை எறும்புக்குக் கொடுப்பானேன்? காற்று தளர்ந்து, நான்கு வார முன்னோக்கில் இரண்டாவது வாரம் மழைப் பக்கம் சாய்ந்தால், பாதி நிலத்தைப் புழுதியில் போடுவேன். முதலில் மக்காச்சோளம், ஏனென்றால் அதற்கு வயது அதிகம், பிந்தினால் கடைசியில் தண்ணீர் பற்றாது. உளுந்து குறுகிய காலப் பயிர், ஐப்பசி நடுவரை பொறுக்கும், அதை ஒரு உழவு மழை பெய்து ஈரம் நன்றாக இறங்கிய பிறகு போடலாம். உளுந்தை முந்திப் போட்டால் பூவும் பிஞ்சும் நவம்பர் அடைமழையில் மாட்டிக்கொள்ளும் என்பதும் ஒரு காரணம். மீதிப் பாதி நிலத்துக்கு உரிய விதையை வீட்டில் வைத்திருங்கள். மறுவிதைப்பு வந்தால் அந்த நேரத்தில் கடையில் விதை கிடைப்பதும் கஷ்டம், விலையும் ஏறிவிடும். செவ்வாயும் வெள்ளியும் உங்கள் மாவட்டத்துக்கென்று வரும் வேளாண் வானிலை அறிக்கையை மேகதூத் செயலியில் தமிழிலேயே படிக்கலாம். 5 நாள் மழை அளவை அதில் எண்ணாகவே கொடுக்கிறார்கள், சூரியன் படத்தைவிட அது எவ்வளவோ மேல்.

ஒன்றைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இப்படி நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் இடிமழைகளில் மின்னல் கடுமையாக இருக்கும். கரிசல் காட்டில் ஒதுங்க இடம் இருக்காது, ஆடு மேய்ப்பவர்களும் களை எடுப்பவர்களும் ஒற்றைப் பனைக்கும் வேம்புக்கும் அடியில் போய் நிற்கிறார்கள். அங்கேதான் உயிர் போகிறது. இடிச் சத்தம் காதில் கேட்கும் தூரத்தில் இருந்தாலே மின்னல் உங்கள் மேல் விழும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். முதல் இடி கேட்டதுமே வேலையை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம்.